சரிவில் நிறுத்தினால் மட்டும் ஸ்டார்ட் ஆன லாரி

என் லாரி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று போன டிசம்பரிலும் ஜனவரியிலும் நான் விட்ட பணம் 42,200 ரூபாய். கடைசியில் வண்டியைச் சரி செய்தது ஒரு முழம் ரப்பர் ஹோஸும் நாலு செம்பு வாஷரும். இரண்டும் சேர்த்து 340 ரூபாய். வண்டி ஓடாமல் நின்ற 11 நாள் வாடகையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் ராத்திரி தூக்கம் வராது. பழைய டீசல் வண்டி வைத்திருக்கிற யாராவது இதைப் படித்துவிட்டு, டீசல் பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி பொறுத்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி 2005 மாடல். நாலு சிலிண்டர், மெக்கானிக்கல் பம்ப், சென்சார் கம்ப்யூட்டர் ஒன்றும் கிடையாது. ஸ்பின்னிங் மில் வேலையை விட்டுவிட்டு, வந்த பணத்தோடு மனைவியின் நகையையும் வைத்து வாங்கியது. ஓட்டுவது நானே. மேட்டுப்பாளையத்திலிருந்து காலி வண்டியோடு ராத்திரி நீலகிரி மலை ஏறி, கேத்தி பாலாடாவில் கேரட் ஏற்றிக்கொண்டு விடியும் முன் கீழே மண்டிக்கு இறங்குவதுதான் பிழைப்பு. அங்கே கேரட்டை நடுராத்திரியிலேயே விளக்கு வெளிச்சத்தில் பிடுங்கி, மெஷினில் கழுவி, மூட்டை பிடித்துவிடுவார்கள். அதனால் என் வண்டிக்கு 'காலை' என்றால் மூன்று, மூன்றரை மணி. டிசம்பரில் பாலாடா பள்ளத்தில் அந்நேரத்துக் குளிர் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும்.

அந்தக் குளிர்தான் என்னை முதலில் ஏமாற்றியது. டிசம்பர் முதல் வாரம், லோடு ஏற்றி முடித்து சாவியைத் திருப்பினால் இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. இருபது செகண்ட், முப்பது செகண்ட் என்று விடாமல் அடித்தேன். ஏழெட்டு தடவைக்குப் பிறகு ஒரு சிலிண்டர் பேசி, இரண்டு பேசி, உதறிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. பக்கத்தில் நின்ற டிரைவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "குளிருங்ணா. பனி இறங்குனா பழைய வண்டிக இப்படித்தான்." நானும் நம்பினேன். நாலாம் நாள் மேட்டுப்பாளையத்தில் வீட்டு வாசலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சட்டை நனைய வேர்க்கிற வெயிலில் இதே கதை நடந்தது. அப்போதாவது குளிர் என்கிற பேச்சை விட்டிருக்க வேண்டும். "குளிர்ல அடிச்சு அடிச்சு பேட்டரி ஒக்காந்திருக்கும்" என்று எலக்ட்ரீசியன் சொன்னதும் அது எனக்குச் சரியாகவே பட்டது. பழைய பேட்டரியைக் கொடுத்துப் புதுசு வாங்க 9,800 ரூபாய்.

இந்த இடத்தில் நான் செய்யாமல் விட்ட இரண்டு சோதனைகளைச் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் காசு செலவில்லை. முதலாவது, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்ப்பது. 12 வோல்ட் வண்டியில் அடிக்கும்போது பத்துக்கு மேல் நின்றால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதரைக்குக் கீழே போனால்தான் பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர் என்று தேட வேண்டும். பிறகு ஒரு நாள் என் பழைய பேட்டரியை வேறொரு வண்டியில் வைத்துப் பார்த்தபோது 10.6 நின்றது. அதற்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து சைலன்சரைப் பார்க்கச் சொல்வது. வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. கம்ப்ரஷன், டைமிங், டீசலைத் தூவும் நாசில் பக்கம் பார்க்கலாம். புகையே வரவில்லை என்றால் டீசலே போய்ச் சேரவில்லை. என் வண்டியில் ஒரு பொட்டுப் புகை வந்ததில்லை. பாலாடாவில் மூட்டை ஏற்றும் பையன் ஒருவன், "ஏனுங்ணா, பொகையே காணோம்?" என்று கேட்டான். குளிரில் வாயிலிருந்து வருகிற ஆவியே புகை மாதிரி இருக்கும்போது இவன் என்னத்தைப் பார்த்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு கேள்விக்கு நான் மதிப்புக் கொடுத்திருந்தால் இருபதாயிரம் மிஞ்சியிருக்கும்.

புது பேட்டரி வந்த தைரியத்தில் இன்னும் நீளமாக அடித்தேன். செல்ஃப் மோட்டாரிலிருந்து கருகின வாடை வந்து நின்றுவிட்டது. ஆர்மேச்சர், ப்ரஷ், கூலி எல்லாம் சேர்ந்து 4,600. பத்துப் பதினைந்து செகண்டுக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்கக் கூடாது, நடுவில் ஒரு நிமிஷமாவது ஆற விட வேண்டும் என்பதை அந்தப் பட்டறையில்தான் கேட்டேன். மில்லில் எத்தனையோ மோட்டார் எரிந்ததைப் பார்த்தவன் நான். எனக்கே அது தோன்றவில்லை.

அடுத்தது பெட்ரோல் துணி. பாலாடாவில் ஒருவர் உதவுகிறேன் என்று வந்து, பெட்ரோலில் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் பிடித்துக்கொண்டு அடிக்கச் சொன்னார். இன்ஜின் பிடித்தது. பிடித்தபோது உள்ளே சம்மட்டியால் அடிப்பது போல ஒரு சத்தம். டீசல் இன்ஜினில் காற்றை இறுக்கும் சூட்டிலேயே டீசல் எரிகிறது. பெட்ரோல் ஆவி காற்றோடு சேர்ந்து போனால், பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே அது வெடித்து எதிர்ப்பக்கம் அடிக்கும். ரிங் உடையும், பிஸ்டன் போகும். துணி தீப்பிடித்தால் ஆளும் போகலாம். ஒரு தடவையோடு விட்டேன். எவ்வளவு அவசரமானாலும் அதைச் செய்யாதீர்கள்.

அந்த வாரத்திலேயே ஒரு விடியற்காலை ஒன்றுமே பலிக்கவில்லை. கீழேயிருந்து மெக்கானிக் வண்டி பிடித்து மேலே வர எட்டு மணி. போக வர அவருக்கு 1,200 கொடுத்தேன். நான் மண்டிக்குள் நுழையும்போது ஏலம் முடிந்து பெருக்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் விலைக்கும் அன்றைய விலைக்கும் இருந்த வித்தியாசத்தில் என் பங்கு என்று வியாபாரி 6,200 ரூபாயை வாடகையில் பிடித்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கும் நஷ்டம். ஆனால் அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. வாடகை பாக்கி என்று பொய் சொன்னேன்.

மேலே வந்த அந்த மெக்கானிக் டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றினார். 900 ரூபாய். மாற்றிவிட்டு, பம்பின் பக்கவாட்டில் இருக்கும் கை பம்பைப் பத்திருபது தடவை அழுத்தி, ஃபில்டர் மேலிருக்கும் திருகைத் தளர்த்தி நுரை வெளியேற விட்டு, இறுக்கிவிட்டுச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். தொட்டதும் ஸ்டார்ட். "பாத்தீங்களா, ஃபில்டர் அடைப்புங்க." அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஆனால் இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். டீசல் லைனில் எந்த வேலை செய்தாலும், கடைசியில் கை பம்பை அடித்து, லைனில் உள்ள காற்றை வெளியே தள்ளி, அதாவது ஏர் எடுத்துத்தான் வண்டியை ஸ்டார்ட் செய்வார்கள். வண்டியை ஸ்டார்ட் பண்ண வைப்பது அந்தக் கை பம்ப். பெயர் மட்டும் புதுசாகப் போட்ட சாமானுக்குப் போகிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், வேறு எதையும் தொடாமல் கை பம்பை மட்டும் அடித்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். உடனே பிடித்தால் பேட்டரி, செல்ஃப், கம்ப்ரஷன், நாசில் எல்லாவற்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். லைனில் காற்று ஏறுகிறது, நின்ற நேரத்தில் டீசல் பின்வாங்கி டேங்குக்கே போய்விடுகிறது என்று அர்த்தம்.

எனக்கு அது அப்போது தெரியாது. ஃபில்டர் மாற்றிய மூன்றாம் ராத்திரி, கல்லார் தாண்டிக் குன்னூர் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறுகிற இடத்தில், பாதி வளைவு தாண்டியதும் வண்டி இழுவை குறைந்து, இருமி, நின்றுவிட்டது. இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவுகிற வேக்குவமும் நிற்கும். மிச்சம் இருப்பதில் இரண்டு மூன்று மிதிதான் வரும், பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். அதைத் தெரியாமல் பெடலை விட்டு விட்டு மிதித்தேன். வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, நின்றதும் இறங்கி ஓடிப்போய்க் கல் வைத்தேன். காலி வண்டி, பின்னால் யாரும் வரவில்லை, அதனால் பிழைத்தேன். பத்து நிமிஷம் சாலை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தேன், கை நடுக்கம் நிற்கவில்லை. அந்த மாதிரி இடத்தில் இன்ஜின் நின்றால் ஒரே மிதியாக மிதித்துப் பிடித்துக்கொண்டு ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். வண்டியில் கட்டை ஒன்று எப்போதும் கிடக்கட்டும்.

அதற்குப் பிறகு பயத்தில், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற நிலைக்கு வந்துவிட்டேன். "பம்ப் தேஞ்சிருக்கும், எலிமென்ட் போயிருக்கும்" என்றார்கள். எலிமென்ட் என்பது பம்புக்குள் டீசலை அழுத்தித் தள்ளும் பாகம். கோயம்புத்தூரில் ஒரு டீசல் பட்டறையில் பம்பைக் கொடுத்தேன். ஆறு நாள். எலிமென்ட், டெலிவரி வால்வு, நாலு நாசில், கூலி, 19,500. அங்கே நாசிலை டெஸ்ட் ஸ்டாண்டில் வைத்து அடிக்கும்போது நான் ஆர்வத்தில் விரலை நீட்டினேன். அந்தப் பையன் என் கையைத் தட்டிவிட்டான். இருநூறு கிலோவுக்கு மேல் அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரும் என்றான். ஓடுகிற இன்ஜினில் நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்துகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆறு நாளில் எனக்குக் கிடைத்த உருப்படியான விஷயம் அது ஒன்றுதான்.

பம்ப் மாட்டி வண்டியை எடுத்தபோது, புது வாழ்க்கை தொடங்குகிற மாதிரி டேங்கை நிரப்பினேன். மூன்று நாள் தொட்டதும் ஸ்டார்ட். நாலாம் நாள் பாலாடாவில் மறுபடியும் வெறும் செல்ஃப் சத்தம். கேபினிலேயே உட்கார்ந்து ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். அழுதேன் என்றே சொல்லலாம், அந்த இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்.

விடை என் டேஷ்போர்டிலேயே கிடந்தது. டீசல் கணக்கு எழுதுகிற நாற்பது பக்க நோட்டு. மில் பழக்கம், தேதி போட்டு லிட்டர், கிலோமீட்டர், லோடு எல்லாம் எழுதி வைப்பேன். அன்று மதியம் வேலையில்லாமல் அதைப் புரட்டியபோது, வண்டி மக்கர் செய்த நாட்களில் ஒரு குறி போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு குறியும் டீசல் போடுவதற்கு முந்தின நாள், அல்லது அதற்கும் முந்தின நாள். டேங்க் நிறைந்திருந்த நாள் ஒன்றில்கூடக் குறி இல்லை. இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பாலாடாவில் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சரிவு இருக்கிறது. அதில் மூக்கு கீழே பார்க்க நிறுத்திய நாட்களில் வண்டி முனகாமல் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ஆகாவிட்டால் உருட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் அங்கே நிறுத்த ஆரம்பித்தேன். உருட்ட வேண்டி வந்ததே இல்லை. மூக்கு கீழே இருந்தால் டேங்கில் உள்ள டீசல் மட்டம் இன்ஜினைவிட மேலே நிற்கும், லைனிலிருந்து டீசல் பின்வாங்காது. டேங்க் நிறைந்திருந்தாலும் அதே கதை. மட்டம் இறங்கி, வண்டியும் மேடு பார்த்து நின்றால், லைனில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் அது வழியாகக் காற்று ஏறும், டீசல் கீழே வடிந்துவிடும். கல்லார் ஏற்றத்தில் நின்றதும் கால் டேங்கில், மூக்கு மேலே இருக்கும்போதுதான்.

ஆனாலும் இரண்டு தடவை சூடு பட்டவன், நம்பிவிடாமல் சோதித்தேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, டேங்கிலிருந்து வரும் ஹோஸை, டீசலை உறிஞ்சி இழுக்கும் ஃபீட் பம்பிலிருந்து கழற்றி முடிந்து வைத்துவிட்டு, பத்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை பானெட்டுக்கு மேலே கட்டி, அதிலிருந்து ஒரு ட்யூபை ஃபீட் பம்புக்குக் கொடுத்தேன். கை பம்பை அடித்து ஏர் எடுத்து, ஸ்டார்ட் செய்து, அணைத்து, ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் தொட்டதும் பிடித்தது. அப்படியென்றால் ஃபீட் பம்பிலிருந்து இன்ஜின் வரை குற்றமில்லை என்று தோன்றியது. மேலே இருக்கும் கேன் சில சமயம் ஃபீட் பம்புக்குப் பின்னால் உள்ள கசிவையும் மறைத்துவிடலாம். அதனால் அடுத்து, பழைய ஹோஸைத் திரும்ப மாட்டி, ஃபீட் பம்பில் நுழைகிற இடத்தில் ஒரு ஜாண் கண்ணாடி மாதிரி தெரிகிற ட்யூபைச் சேர்த்து, இன்ஜினை ஓட விட்டுப் பார்த்தேன். சோடா மாதிரி குமிழ் குமிழாக ஓடியது. டேங்கிலிருந்து அந்த ட்யூப் வரைக்குள்தான் காற்று நுழைகிறது என்பதில் அதற்குப் பிறகு சந்தேகமில்லை.

ஓட்டை இருந்தது சேசிஸ் இரும்புப் பைப்பிலிருந்து இன்ஜினுக்கு ஏறும் ரப்பர் ஹோஸில், க்ளிப்புக்கு அடியில். வெளியே பார்த்தால் நல்ல ஹோஸ். வளைத்துப் பிடித்தால் உள்ளே நகம் பட்ட மாதிரி வரி வரியாக வெடிப்பு. அதை எத்தனையோ பேர் டார்ச் அடித்துப் பார்த்தார்கள், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எல்லோரும் தேடியது ஒழுகலை. உறிஞ்சுகிற பக்கத்தில் இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஆனால் டேங்க் நிறைந்த நாட்களில் அந்த இடத்தில் புழுதி ஒட்டின ஈரம் ஒன்று இருந்திருக்கிறது. நானே துணியால் துடைத்திருக்கிறேன், ஆயில் என்று நினைத்து. வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிற நாளில் ஈரம், ஆகாத நாளில் காய்ந்து கிடக்கும். இப்போது எழுதும்போதுகூடச் சிரிப்பு வருகிறது.

மாற்றும்போது டீசல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குழாயைப் போட்டால் டீசலில் ஊறிக் கெட்டுப்போகும். சோதனைக்குப் போட்ட அந்தத் தெரிகிற ட்யூபையும் கழற்றிவிட வேண்டும், சூட்டில் அது தாங்காது. டீசல் பைப்பை இணைக்கும் போல்ட்டின் இரண்டு பக்கமும் போடுகிற செம்பு வாஷரைக் கழற்றினால் புதுசு போடுவதே நல்லது, நாலைந்து ரூபாய் விஷயம். வழியில் கிடைக்காவிட்டால் பழையதைச் செந்நிறம் வரும் வரை காய்ச்சி எடுத்தால் செம்பு மறுபடி மெத்தென்று ஆகி உட்காரும். பம்ப் வேலை செய்தபோது இறுகிப்போன பழைய வாஷரையே திரும்ப மாட்டியிருந்தார்கள், அதையும் மாற்றினேன்.

எல்லா வண்டிக்கும் இதே நோய் என்று சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு நிற்கிறது, டேங்க் மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று உள்ளே இழுக்கிறது என்றால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஃபில்டர் அடித் திருகைத் திறந்தால் டீசலுக்கு முன்னால் தண்ணீர் வந்தால் டேங்கையே கழுவ வேண்டும். ஆயில் அளவுக் கம்பியில் மட்டம் ஏறிக்கொண்டே போய் டீசல் வாடை வந்தால் ஃபீட் பம்ப் சீல் அல்லது பம்ப் உள்ளே ஒழுகுகிறது, அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும். இதெல்லாம் உங்கள் கண்ணாலும் மூக்காலும் தெரிகிறவை, யாருக்கும் பணம் கொடுக்கும் முன் பார்த்துவிடலாம்.

கழற்றிய பழைய நாசில் நாலையும் துணிப்பையில் கட்டிக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். ஹோஸ் மாற்றிய பிறகு வேறொரு இடத்தில் டெஸ்ட் செய்து பார்த்ததில் மூன்று நன்றாகவே தூவின. அந்தப் பை இப்போதும் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. ஹோஸ் மாற்றி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, கால் டேங்கில், மேடு பார்த்து நிறுத்திக்கூட ஒரு நாள் மக்கர் இல்லை. பாலாடாவில் மூட்டை ஏற்றுகிற பையன்கள்தான் இன்னும் நம்பவில்லை. நான் போனதும், "அண்ணன் வண்டி வருது, எடத்த உடுங்கடா" என்று அந்தச் சரிவில் நிற்கிற வண்டியை நகர்த்தச் சொல்கிறார்கள்.